மை, அவர், தேர்

“வாட் டஸ் யுவர் ஹஸ்பண்ட் டூ?” என்று கேட்டார்கள். “அவர் ஹஸ்பண்ட் இஸ் எ ஃபார்மர்” என்று பதில் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொருவர் சத்தமாகவே சிரித்துவிட்டார். தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியின் நேர்காணல் அது. ஏன் சிரித்தார்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. திருவையாறு பஸ்ஸில் ஏறி, வெண்ணாற்றுப் பாலம் தாண்டும்போதுதான் உறைத்தது. ‘என் கணவர்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘எங்கள் எல்லாருக்கும் கணவர்’ என்று சொல்லியிருக்கிறேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கண்டியூர் வரை அழுதேன்.

பல வருஷம் கழித்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பதிலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் எந்தப் பெண் ‘என் புருஷன்’ என்று பேசுவாள்? சண்டையில் வேண்டுமானால் சொல்லுவாள். மற்ற நேரமெல்லாம் ‘எங்க வீட்டுக்காரர்’தான். கூடப் பிறந்தவர்களே இல்லாத ஒற்றைப் பிள்ளையும் ‘எங்க அம்மா’, ‘எங்க அப்பா’ என்றுதான் சொல்லும். ‘என் அம்மா’ என்பது சினிமாவில் பேசுகிற வசனம் மாதிரி கேட்கும். குடும்பத்துக்குள் ‘என்’ போடுவது நம் பேச்சில் ஒரு முரட்டுத்தனம். என் நாக்கு அந்தப் பண்போடு நல்ல தமிழில் யோசித்து, வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் வைத்தது. ஆங்கிலத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. உடன்பிறந்தவர்கள் சேர்ந்து பேசினால் ஒழிய அங்கே ‘மை மதர்’தான்.

இதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. பிரதிப்பெயரில் நம் பிள்ளைகள் செய்கிற பிழை கவனக்குறைவால் வருவதில்லை. ஒவ்வொரு பிழைக்குப் பின்னாலும் இலக்கணச் சுத்தமான ஒரு தமிழ் வாக்கியம் நிற்கிறது. அதைக் கண்டுபிடித்துப் பிள்ளைக்குக் காட்டினால் பிழை தானே கழன்றுவிடுகிறது. காட்டாமல் சிவப்பு மையால் சுழித்தால் வருஷக்கணக்கில் கூடவே வருகிறது.

2021 கடைசியில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. கொரோனாவில் ஒன்றரை வருஷம் பள்ளி பார்க்காத பிள்ளைகளுக்கு, சாயங்காலம் அவரவர் தெருவிலேயே வகுப்பு. நானும் தன்னார்வலராகப் பதிந்துகொண்டேன். குடமுருட்டி ஆற்றின் கரையை ஒட்டிய எங்கள் தெருவில், பிள்ளையார் கோயில் மண்டபத்தில், ஐந்து மணிக்கு இருபது பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. குந்தவை நாச்சியார் கல்லூரியில் வாங்கிய பட்டம் எனக்குப் பயன்பட்ட முதல் இடம் அந்த மண்டபம்தான்.

முதல் வாரம் சுவரில் அட்டவணை ஒட்டினேன். ஐ, மீ, மை, மைன். ஹி, ஹிம், ஹிஸ், ஹிஸ். பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு ஒப்பித்தார்கள். அன்றைக்கே ‘மீ கோ டு ஸ்கூல்’ என்று எழுதிக்கொண்டும் வந்தார்கள். அட்டவணையைக் கழற்றி வைத்துவிட்டேன். முழுவதும் புரிந்த பிறகு பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளத்தான் அது உதவும். அதிலிருந்து யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

பிறகு பிள்ளைகளின் பாடப்புத்தக ஓரங்களைப் பார்த்தேன். ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்திருந்தார்கள். அங்கேதான் மூன்று சொற்கள் என் கண்ணில் பட்டன: மை, அவர், தேர்.

மூன்றுமே நமக்கு வேறு பொருள் உள்ள சொற்கள். இதில் ‘அவர்’ பெரிய குழப்பக்காரன். ஆங்கில ‘அவர்’ என்றால் எங்கள். தமிழ் அவர் என்றால் மரியாதைக்குரிய ஓர் ஆள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘அவர் டீச்சர்’ என்பதை ‘அவர் ஆசிரியர்’ என்று மொழிபெயர்த்திருந்தான். பாருங்கள், அது தமிழில் குறையில்லாத வாக்கியம். பிழை இருப்பதே அவனுக்குத் தெரிய வழியில்லை. அன்றிலிருந்து, ஆங்கிலச் சொல்லின் மேலே ஒலியை எழுதாதே, பொருளை எழுது என்று சொல்லிவிட்டேன். ‘எங்க’ என்று எழுதினால் போதும். ஒலியைக் காதும் வாயும் பார்த்துக்கொள்ளும்.

மற்ற இரண்டையும் நான் வேலைக்கு வைத்துக்கொண்டேன். ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர் விரலில் மை இருக்கும். மைக்கு ஒட்டிக்கொள்ள ஒரு விரல் வேண்டும், தனியாக அந்தரத்தில் நிற்காது. ஆங்கில ‘மை’யும் அப்படித்தான். மை ஃபிங்கர், மை புக், மை கோட். பின்னால் ஒரு பொருள் வந்தே ஆக வேண்டும். ‘திஸ் இஸ் மை’ என்று யாராவது நிறுத்தினால் வகுப்பே “விரல் எங்கே?” என்று கேட்கும். தேர் என்றதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருவாரூர் ஆழித்தேர்தான். அலங்கரித்து நிற்கும்போது 96 அடி உயரம். அதை ஒரு ஆள் இழுக்க முடியாது, ஊரே வடம் பிடிக்க வேண்டும். ‘தேர்’ என்றால் அவர்களுடைய, பல பேருடைய. இதே ஒலியில் ‘அங்கே’ என்று பொருள் தரும் சொல் ஒன்றும் உண்டு. எழுதும்போது எது எது என்று திணறுவார்கள். ‘அவர்களுடைய’ என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலுக்கு நடுவே ‘ஐ’ எழுத்து இருக்கிறது. ஐ என்றால் நான், ஓர் ஆள். உள்ளே ஆள் இருந்தால் அது ஆட்களுடைய தேர். இதைச் சொன்ன பிறகு அந்த எழுத்துப்பிழை பெரும்பாலும் நின்றுவிட்டது.

ஐ எப்போது, மீ எப்போது என்பதற்குத் தரையில் சாக்பீஸால் ஒரு வரப்பு போட்டோம். தமிழில் ‘நாய் அண்ணனைக் கடிச்சுது’ என்றாலும் ‘அண்ணனை நாய் கடிச்சுது’ என்றாலும் கடிபட்டது அண்ணன்தான். ‘ஐ’ உருபு ஒட்டிக்கொண்டிருப்பதால் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் அடையாளம் மாறாது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு ஒருகாலத்தில் இப்படி உருபுகள் இருந்தன, காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன. இப்போது இடத்தை வைத்துத்தான் அடையாளம். எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் இடையே அந்தப் பழைய வேற்றுமை பிழைத்துக் கிடப்பது பிரதிப்பெயர்களில் மட்டும். அதனால் தொல்காப்பியம் சொன்ன எட்டு வேற்றுமையைத் தினமும் வாயில் வைத்துப் புழங்குகிற நம் பிள்ளைக்கு ஐ, மீ புதுச் சமாசாரமே இல்லை.

வினைச்சொல் எழுதிய அட்டையை வரப்பின் மேல் வைப்பேன். வரப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர் ஐ, ஹி, ஷி, வீ, தே. தாண்டிக் குதித்ததும் மீ, ஹிம், ஹர், அஸ், தெம். வித், ஃபார், டு மாதிரிச் சொற்களுக்குப் பின்னாலும் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். யூ, இட் இரண்டும் குதித்தாலும் மாறாது. ஒரு வாரம் குதித்தே கற்றுக்கொண்டார்கள். இரண்டு பேர் சேர்ந்து வருகிற வாக்கியத்தில் தடுமாறினால் கூட வந்தவரைக் கொஞ்ச நேரம் வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லுவேன். ‘தங்கச்சியையும் என்னையும் கூப்பிட்டாங்க’ என்பதில் தங்கச்சியை அனுப்பிவிட்டால், கூப்பிட்டது ‘மீ’ என்று தானே தெரியும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களில் பலர் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று சொல்லுவது உண்டு. நம் பிள்ளை அதைச் சொல்லாது. ‘உனக்கும் எனக்கும் நடுவுல’ என்று இரண்டு பேருக்கும் உருபு போட்டே பழகிய காது அது. இதை வகுப்பில் சொன்ன அன்று கடைசி வரிசையில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அதிகம் உழைக்க வைத்தது ‘எனக்கு’. ‘எனக்குப் பசிக்குது’ என்பதை ‘மீ ஹங்ரி’ என்று எழுதுகிறார்கள். ‘எனக்கு இங்கிலீஷ் தெரியும்’ என்பது ‘மீ நோ இங்கிலீஷ்’ ஆகிறது. கேட்கிறவருக்கு ‘இங்கிலீஷ் தெரியாது’ என்று சொன்னது மாதிரியே விழும். ஐ போட வேண்டும் என்றேன். ஒரு பையன் எழுந்து, “அக்கா, பசி தானா வந்துச்சு. நான் ஒண்ணும் பண்ணலையே. அப்பறம் எப்படி ஐ?” என்று கேட்டான். நான் படித்த காலத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவன் சொல்வது தமிழுக்கு முழு நியாயம். பசி, தூக்கம், வலி, ஆசை, அறிவு எல்லாம் நம் மொழியில் நம்மிடம் வந்து சேர்கிற விருந்தாளிகள். அதனால் நான்காம் வேற்றுமை போடுகிறோம். ஆங்கிலம் அவற்றையெல்லாம் ஆள் செய்கிற காரியமாகவோ ஆளின் நிலையாகவோ பார்க்கிறது. ஐ ஆம் ஹங்ரி. ஐ நோ. ஐ லைக். ஐ வான்ட்.

அவனுக்காக ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தோம்: ‘வெளியே இருந்து ஓர் ஆள் கொடுத்தாரா, சொன்னாரா, செய்தாரா?’ ஆமாம் என்றால் எனக்கு என்பது மீ. தாத்தா எனக்கு மிட்டாய் கொடுத்தார், அதனால் ‘கேவ் மீ’. கொடுத்தவர் யாரும் இல்லாமல் உள்ளேயே நடந்தால் எனக்கு என்பது ஐ. பசிக்கும், வலிக்கும், தெரியும், புரியும், பிடிக்கும், வேணும் என்ற ஆறு சொல்லையும் மண்டபத் தூணில் எழுதி ஒட்டினேன். பிள்ளைகள் பேசும் ‘எனக்கு’களில் பெரும்பகுதி இந்த ஆறில் அடங்கிவிடும்.

பிறகு ‘யூ’. அதைச் சொல்லவே கூச்சப்பட்டார்கள். என்னைப் பார்த்து ‘யூ’ என்று சொல்லாமல் ‘அக்கா கம் டுமாரோ?’ என்று சுற்றி வளைத்தார்கள். பெரியவர்களை நீ என்று சொல்வது போல அவர்களுக்கு உறுத்தியது. இதற்குப் பதில் எங்கள் தஞ்சாவூரிலேயே கல்லில் இருக்கிறது.

இரண்டாம் சரபோஜி மன்னரை வளர்த்து ஆளாக்கியவர்களில் ஒருவர் ஸ்வார்ட்ஸ் பாதிரியார். பிரஷ்யாவில் பிறந்தவர், தாய்மொழி ஜெர்மன். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, கடைசிக் காலம் வரை இந்த மண்ணிலேயே இருந்து, 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சாவூரில் இறந்தார். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் அவருடைய மரணப் படுக்கையைக் காட்டும் பளிங்குச் சிற்பம் இருக்கிறது. ஃப்ளாக்ஸ்மேன் என்ற ஆங்கிலச் சிற்பி செய்தது. படுத்திருப்பவரின் கையைப் பிடித்தபடி இளைஞர் சரபோஜி நிற்பார். கல்லறைக் கல்லில் பொறிக்கச் சரபோஜியே ஆங்கிலத்தில் சில அடிகள் எழுதினார். வீட்டு மொழி மராத்தி, சுற்றிலும் தமிழ், சொல்லிக்கொடுத்தவர் ஜெர்மானியர். அப்படிப்பட்டவர் ஆங்கிலத்தில் எழுதிய அந்தச் சின்னக் கவிதைக்குள் ஐ, மீ, மை மூன்றும் இருக்கின்றன. எதிரில் இருப்பவரைக் குறிக்க தௌ, தீ, தை என்ற மூன்றும் இருக்கின்றன. எழுவாய், செயப்படுபொருள், உடைமை என்று ஒரு பாடம் முழுவதும் ஒரே கல்லில்.

தௌ, தீ, தை என்றால் நீ, உன்னை, உன். ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இருந்தது. நெருக்கமானவரிடமும் கடவுளிடமும் தௌ; பல பேரிடமும் மரியாதைக்குரியவரிடமும் யூ. நாளடைவில் எல்லாரையும் மரியாதையாகவே கூப்பிட ஆரம்பித்து, பேச்சிலிருந்து ‘நீ’ விழுந்துபோனது. சரபோஜி எழுதிய காலத்தில் அது பெரும்பாலும் கவிதையிலும் பைபிளிலும் ஜெபத்திலும்தான் மிச்சம். “ஆங்கிலத்துல நீ செத்துப்போச்சு, நீங்க மட்டும்தான் உசுரோட இருக்கு. யூ என்றால் நீங்க” என்று சொன்னேன். கூச்சம் அன்றோடு போனது. மறுநாளே ஒரு குட்டிப் பிள்ளை, தெரு நாயைப் பார்த்து “யூ கோ” என்றது. நாயையும் நீங்க என்றுதான் சொல்லியிருக்கிறாய் என்றேன்; சந்தோஷமாகத் தலையாட்டியது.

மரியாதை இன்னோர் இடத்தில் எதிர்ப்பக்கமாகக் காலை வாரும். ‘டீச்சர் வந்தாங்க, அவங்க நல்லா பாடம் எடுப்பாங்க’ என்பதில் உள்ள ‘அவங்க’ ஒரே ஆள். பிள்ளை அதைத் ‘தே’ என்று எழுதும். படிக்கிறவர் எத்தனை டீச்சர் என்று தேடுவார். ஆங்கிலத்தில் பாட்டியும் ஷி, பச்சைக் குழந்தையும் ஷி. ‘பாட்டியை அவள்னு சொல்றதா?’ என்று முகம் சுருங்கினார்கள். அது அவள் இல்லை, ‘ஒரு பெண்’ என்கிற கணக்கு மட்டும்தான். ஆங்கிலம் மரியாதையைப் ‘ப்ளீஸ்’, ‘குட் யூ’ என்று வேறு இடத்தில் வைக்கிறது என்று சொல்லி ஆற்றினேன்.

ஹர் என்ற சொல் அவளை என்றும் வரும், அவளுடைய என்றும் வரும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஓர் ஆணை நிறுத்திப் பார்க்கச் சொல்லுவேன். ஹிம் வந்தால் அவளை, ஹிஸ் வந்தால் அவளுடைய.

‘கை கழுவினேன்’ என்றால் நமக்குப் போதும். யார் கையையாவதா கழுவப்போகிறோம்? ஆங்கிலம் ‘மை ஹேண்ட்ஸ்’ என்று கேட்டு வாங்கும். உடம்பு, உடுப்பு, உறவு மூன்றுக்கும் மறக்காமல் உடையவரைச் சொல் என்பதைக் கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

‘இட்’ பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2022-ல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-க்கு முன்பாகவே, மே 24 அன்று திறந்துவிட்டார்கள். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று, நடந்ததை ஐந்து வாக்கியத்தில் எழுதச் சொன்னேன். ஒரு பெண் காவிரியை ‘ஷி’ என்று எழுதியிருந்தாள். ஆறு அஃறிணை, இட் போடு என்று அடித்துவிட்டேன். ஆடிப்பெருக்கன்று அவள் ஆற்றங்கரையில் காதோலை கருகமணி வைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது என் கையெழுத்தின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அம்மனுக்குச் செய்வதையெல்லாம் செய்கிறாள், அது எப்படி அவளுக்கு ‘அது’ ஆகும்? ஆங்கிலக் கவிஞர்களும் ஆற்றையும் கப்பலையும் ஷி என்று எழுதியிருக்கிறார்கள். பரீட்சையில் இட், உன் நோட்டில் ஷி என்று அவளிடம் போய்ச் சொன்னேன்.

‘இட் இஸ் ரெய்னிங்’கில் இட் எது என்றும் கேட்டார்கள். மழையா, வானமா? எதுவும் இல்லை. ‘வந்தேன்’ என்றால் அதற்குள்ளேயே நான் இருக்கிறேன், நம் வினைச்சொல் ஆளைத் தன்னோடு சுமந்து வருகிறது. ஆங்கில வினைச்சொல் சுமக்காது. முன்னால் போட்ட நாற்காலியில் யாராவது உட்கார வேண்டும். ஆள் கிடைக்காத இடத்தில் இட் உட்காருகிறது. ‘எஸ்டர்டே வென்ட்’ என்று ஆளில்லாமல் எழுதுகிறவர்களிடமும் “நாற்காலி காலியா இருக்கே” என்று சொன்னால் போதும்.

கடைசியாக மைன், யுவர்ஸ், ஹர்ஸ், தேர்ஸ். இவை நம் வாயிலேயே இருக்கின்றன. என் – என்னுது. உன் – உன்னுது. அவ – அவளுது. ‘து’ ஒட்டியதும் பின்னால் பொருள் தேவையில்லாமல் தனியாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்தத் ‘து’வின் வேலையை ‘ஸ்’ செய்கிறது. மைன் மட்டும் வேறு மாதிரி, ஹிஸ்ஸில் ஏற்கெனவே ‘ஸ்’ இருக்கிறது. இவற்றில் எதற்கும் மேலே கமா கிடையாது. மண்டபத்து வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளை வைத்துத்தான் பாடம். ஒவ்வொருவராக ஒரு ஜோடியைத் தூக்கிக் காட்டி ‘தீஸ் ஆர் மைன்’, ‘தோஸ் ஆர் ஹர்ஸ்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு மாதம் இப்படியே கலைந்தோம்.

ஒருநாள் ‘மை’ போட்டு நான்கு வாக்கியம் எழுதச் சொன்னபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘மை ஃபீல்ட்’ என்று எழுதினாள். பக்கத்தில் இருந்த பையன், “அது உங்க வயல் இல்ல, எங்களுது. உங்க அம்மா நடவுக்குத்தான் வந்தாங்க” என்றான். அவன் சொன்னது பட்டாப்படி சரி. அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். நான் தமிழிலக்கணத்தை எடுத்தேன். ஆறாம் வேற்றுமையில் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டு உண்டு. என் கை என்பது என்னிடமிருந்து பிரியாதது, என் வயல் என்பது பிரியக்கூடியது. ஆங்கில ‘மை’ இரண்டையும் சொல்லும். இன்னும் தாராளமாக மை பஸ், மை ஸ்ட்ரீட், மை ரிவர் என்றும் சொல்லும். பஸ்ஸை யாரும் விலைக்கு வாங்கிவிட்டு ‘மை பஸ்’ என்று சொல்வதில்லை. பையன் யோசித்துவிட்டு, “அப்போ மைன்?” என்று கேட்டான். மைன் என்றால் என்னுது, அது கொஞ்சம் கண்டிப்பான சொல் என்றேன்.

அவளுடைய அம்மா வேலை முடிந்து, முழங்கால் வரை சேறு காய்ந்த காலோடு, மகளைக் கூட்டிப்போக அன்றைக்கு வாசலில் வந்து நின்றிருந்தார். “டீச்சர், நட்டது யாருன்னு சொல்றதுக்கு அதுல வார்த்தை இருக்கா?” என்று கேட்டார். மகள்தான் பதில் எழுதினாள். மூன்று வாக்கியம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: எங்க அம்மா அதை நட்டாங்க. நெல்லு அவங்களுது. நடவு எங்க அம்மாவுது. ஆங்கிலத்தில் மை மதர், இட், தேர்ஸ், ஹர்ஸ் எல்லாம் அந்தந்த இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தன. ‘எங்க அம்மா’வை அவள் ‘மை மதர்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, நோட்டை அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன்.